பழக்கி

சென்னியப்பனின் பேட்டரி பிக்கப் வண்டியைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், அதன் மோட்டார் செட் தனக்குத்தான் வேண்டும் என்று யாக்கூப் பாயின் பட்டறைக்குப் பலர் போன் செய்தார்கள். வண்டியின் உடம்பு போய்விட்டது. கேன்களிலிருந்து சிந்திய பாலும் மழையும் சேர்ந்து சேஸைத் தின்றிருந்தன. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டது உள்ளே இருந்த மோட்டாரையும் கியரையும், அவற்றின் முதுகில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த பழக்கியையும்தான்.

பழக்கி என்பது மெக்கானிக்குகள் வைத்த பெயர். கம்பெனி வைத்த நீளமான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. டிபன் பாக்ஸ் அளவுக் கறுப்புப் பெட்டி அது; வண்டி முகப்பில் அதற்கொரு கேமராவும் உண்டு. டிரைவரின் கால் எங்கே அழுத்துகிறது, எங்கே தளர்கிறது, எதைப் பார்த்ததும் பிரேக்குக்குப் போகிறது என்று வருடக்கணக்கில் கவனித்துக்கொண்டே இருக்கும். நாளாக ஆகக் காலுக்கு முன்பே அது முந்திக்கொள்ளும். மேடு வருவதற்கு முன் இழுவையைக் கூட்டும், ஆடு குறுக்கே வரும் இடத்தில் தானாகவே அடங்கும். பேட்டரி நிறைய மிச்சமாகும். அதனால் நல்ல டிரைவரிடம் பழகிய செட்டுக்குப் புதுச் செட்டைவிட மவுசு. முரடனிடம் பழகியதை எவனும் சீந்தமாட்டான்.

சென்னியப்பன் நல்ல டிரைவர். செங்காட்டுப்புதூரிலிருந்து அந்தியூர் வரைக்கும் ஊர் ஊராகப் பால் எடுத்தவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. வழியில் யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வார், காசு வாங்கமாட்டார் என்று பேர். கண் மங்கத் தொடங்கியதும் தாமாகவே ஓட்டுவதை விட்டார்.

"பதனமான காலுங்க உங்குளுது" என்றார் யாக்கூப் பாய். "இந்தச் செட்டு யாருகிட்டப் போவுதோ அவங்க குடுத்து வெச்சவங்க."

அது மேகலாவிடம் போனது. செங்காட்டுப்புதூருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அக்கட்டையில் இருக்கும் காலனியைச் சேர்ந்தவள். இருபத்துச் சொச்சம் வயது. சென்னியப்பன் விட்ட பால் ரூட்டைச் சொசைட்டி ஏலத்தில் எடுத்திருந்தாள். அவளிடம் இருந்தது பழைய டீசல் பிக்கப். இனி டீசல் வண்டி டவுனுக்குள் வரக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டதால் எஞ்சினை மாற்றியே ஆக வேண்டும். அந்த ரூட்டிலேயே பழகிய செட் கிடைத்தால் வசதி என்று அவள்தான் முதலில் வந்து கேட்டிருந்தாள்.

மாற்றுகிற அன்று சென்னியப்பனும் பட்டறைக்குப் போனார். தன் வண்டியின் உயிர் இன்னொரு வண்டிக்குப் போவதைப் பார்க்க ஆசை.

செயின் பிளாக்கில் டீசல் எஞ்சின் மேலே எழுந்தது. அடியிலிருந்து கறுப்பு எண்ணெய் சொட்டியது. காலியான இடத்தில் மோட்டார் உட்கார மறுத்தது. மவுண்டிங் பட்டைகளை வெட்டி வேறு இடத்தில் பற்றவைத்தார்கள். பின் சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டு ஒரு சாண் அதிகமாக இருந்தது, அதையும் குறைத்தார்கள். பின் ஹவுசிங்கிலிருந்த பழைய பல்சக்கரங்கள் மோட்டாரின் வேகத்துக்கு ஒத்துவராது என்று சென்னியப்பன் வண்டியிலிருந்தே ஆக்சிலோடு கழற்றிப் போட்டார் பாய்.

"பழக்கிய மட்டும் அழிச்சிட்டுப் புதுசாப் பழக்க முடியாதுங்களா பாய்?" என்று மேகலா கேட்டாள்.

"முடியாதும்மா. இந்தக் கியரும் அதுவும் ஒட்டுக்காச் சேந்தே தேஞ்சது. பழக்கிய அழிச்சாக் கியரு திணறிப் பல்லை உடைச்சுக்கும். பயப்படாத. நீ ஓட்ட ஓட்ட மெதுவா உன்ற காலுக்கும் பழகிக்கும்."

சென்னியப்பன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "நல்லபடியா வெச்சுக்க கண்ணு. அது நெம்ப சாது."

"சரிங்க சார்" என்றாள்.

அவள் அப்பன் மாரன் அவரைச் 'சாமி' என்பான். இவள் 'சார்' என்கிறாள். அது தனக்கு உறுத்தவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அதில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

பிறகு ஒரு நாள் பாய் போன் செய்து, ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னார். போனபோது மேகலாவும் அங்கே இருந்தாள். வண்டியின் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எல்லா எடத்துலயும் வெண்ணையாட்டப் போகுதுங்க சார்" என்றாள். "எங்க முக்குல மட்டும்தான் நிக்கமாட்டீங்குது. காலனிக்குத் திரும்பற முக்கு. பிரேக்குல கால வெச்சாலும் மொதல்ல ஒரு இழுப்பு இழுத்துட்டு அப்பறந்தான் நிக்குது. முந்தாநாள் எங்கப்பா கேனோட நின்னாரு. அவரையே இடிக்கப் பாத்துதுங்க."

"அங்க என்னங்க இருந்துது?" என்று பாய் சென்னியப்பனைக் கேட்டார். "குழியா? நாய்த் தொல்லையா?"

"குழிதான்" என்றார் சென்னியப்பன். "முன்னாடி பெரிய குழி ஒண்ணு இருந்துது. ஏறிப் போகோணும்னா ஒரு அழுத்து அழுத்தித்தான் ஆகோணும்."

சொல்லும்போது அது உண்மை போலவே இருந்தது. குழி ஒன்று இருந்திருக்கலாம்.

பாய் டெஸ்டரை எடுத்துப் பழக்கியோடு வயரை மாட்டினார். திரையில் ஒரு கோடு ஓடியது. "இது உங்க காலு" என்றார். "மேல போனா அழுத்தம், கீழ போனா தளர்ச்சி. இந்தா, இதுதான் அந்த முக்கு." கோடு சமமாகப் போயிற்று. பாய் புருவத்தைச் சுருக்கினார். "குழி இருந்த மாதிரி தெரியலீங்களே. சும்மா போறப்ப ஒண்ணுமே இல்ல." இன்னொரு பொத்தானை அமுக்கினார். "முன்னாடி கேமராவுல ஆளு தெரியறப்ப மட்டும் பாக்கலாம்."

கோடு அந்த இடத்தில் செங்குத்தாக மேலே எழுந்தது.

பாய் யோசிக்காமல் அடுத்தடுத்த ஊர்களைத் தட்டினார். ஆள் நிற்கும் இடத்திலெல்லாம் கோடு கீழே இறங்கியது. புதூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கியது, கோயில் முனையில் இறங்கியது. மறுபடி காலனி முக்குக்கு வந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. அவர் கை அப்படியே நின்றது. பிறகு டெஸ்டரை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

அதற்குள் மேகலா பார்த்துவிட்டாள்.

"அந்த முக்குல நானும் நின்னிருக்கேனுங்க" என்றாள். குரல் உயரவில்லை. "பள்ளிக்கூடம் போறப்ப. மழை நாள்ல எங்கம்மாவும் கூட வந்து நிக்கும். பால் வண்டி வந்தாக் கையக் காட்டுவோம். போயிரும். எங்கம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லும், அவரு நெம்ப நல்ல மனுசன், கவனிச்சிருக்க மாட்டாருன்னு. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்."

சென்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சிந்தியிருந்த எண்ணெயின் மேல் யாரோ மரத்தூள் போட்டிருந்தார்கள்.

"கவனிச்சிருக்கீங்க" என்றாள் மேகலா.

அவருக்குக் காது இரண்டும் சுட்டது. 'ஒரு நாளும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லையே' என்று சொல்ல நினைத்தார். உண்மைதான். சொன்னதில்லை. வேகமாகப் போய்விட்டால் எதுவுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிறுத்தியிருந்தால் அவர்களை முன்சீட்டில் உட்காரச் சொல்வதா, பின்னால் கேன்களோடு ஏறச் சொல்வதா என்று யோசிக்க வேண்டியிருந்திருக்கும். ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போனால் யாராவது பார்ப்பார்கள். அந்த யோசனை எதையும் அவர் மனத்துக்குள் வரவிட்டதில்லை. அதைக் கால் பார்த்துக்கொண்டது.

"நானே மறுபடி ஓட்டிப் பழக்கிக் குடுக்கறேன்" என்றார் கடைசியில். "தெனமும் அந்த முக்குல நிறுத்தறேன். ஆள ஏத்தறேன். பகல்ல எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

"பழக்கிக்குப் பழகுன கால்தான். சீக்கிரம் மாத்திக்கும்" என்றார் பாய், யாரையும் பார்க்காமல். வேறு செட் வாங்க மேகலாவுக்கு வழியில்லை. சரி என்றாள்.

மறுநாளிலிருந்து சென்னியப்பன் ஓட்டினார். மேகலா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் மனைவி தெய்வானையிடம், புதுப் பெண்ணுக்கு ரூட்டைக் காட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

காலனி முக்கில் மாரன் நின்றிருந்தான். வண்டி நின்றதும் மற்ற வண்டிகளில் ஏறிய பழக்கத்தில் பின்பக்கம் ஏறப் போனான்.

"முன்னால வா மாரா" என்றார்.

"இருக்கட்டுங் சாமி. பின்னாலயே காத்து நல்லா வரும்."

"அட, வான்னா."

மாரன் மகளைப் பார்த்தான். அவள் நகர்ந்து இடம் விட்டாள். மாரன் சீட்டின் நுனியில் உட்கார்ந்து, டவுன் வரைக்கும் முதுகைச் சாய்க்காமல் வந்தான். அடுத்தடுத்த நாட்களில் வேறு பலர் ஏறினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், காலேஜ் பையன், விறகுக் கத்தியோடு ஒரு கிழவர். சென்னியப்பன் எல்லோரிடமும் பேச்சுக் கொடுத்தார். மாடு கன்று போட்டதா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். ஊர்க்காரர்கள் சிலர் பார்த்தார்கள்தான். பார்க்கட்டும் என்று இருந்தார். ஏறி வந்தவர்கள் இறங்கும்போது கும்பிடு போட்டால் மனம் லேசானது. பட்டறையில் அன்று பட்ட சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஆறி வந்தது. தான் மாறிவிட்டதாகவே அவர் நம்பினார்.

மாசம் முடிந்து பட்டறைக்குப் போனபோது அவரே முன்னால் போய் டெஸ்டரை எடுத்துக் கொடுத்தார்.

பாய் வயரை மாட்டினார். கோட்டைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "நிறுத்தியிருக்கீங்க" என்றார். "ஒரு நாள்கூட விடல. ஆனா…"

"ஆனா என்னங்க?"

"ஆளு கண்ணுல பட்டதும் மொதல்ல காலு அழுந்துது. துளியூண்டுதான். மயிரிழை. உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. அப்பறந்தான் பிரேக்குக்குப் போறீங்க. பழக்கி அந்த மொத அழுத்தத்தத்தான் பாடமா எடுத்துக்குது. பழசு இன்னுங் கெட்டிப்பட்டிருக்குதுங்க."

"நேத்து?"

"நேத்தும்."

நேற்று அவர் காலேஜ் பையனோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்திருந்தார்.

முதல் தடவை பட்ட வெட்கத்தில் ஒரு மறைவிடம் இருந்தது. தெரியாமல் செய்த காலத்துத் தப்பு என்று அதற்குள் ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. இதில் அது இல்லை. தெரிந்து, திருந்த நினைத்து, நாள்தோறும் முயன்று, அதற்குப் பிறகும் கால் தன் பாட்டுக்கு அழுத்தியிருக்கிறது. சென்னியப்பன் செருப்புக்குள் இருந்த தன் வலது பாதத்தைப் பார்த்தார். அது யாருடையதோ போல இருந்தது.

"விடுங்க சார்" என்றாள் மேகலா. அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. "நானே ஓட்டிக்கறேன். என்ற காலுக்குப் பழகட்டும். நாளாகும், பரவால்ல."

சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பினார். அதன்பிறகு வண்டிப் பக்கமே போகவில்லை. இரண்டு எருமைகளை வைத்துக்கொண்டு, கறந்த பாலைக் காலையில் வீதி முனைக்குக் கொண்டுபோய் ஊற்றுவதோடு சரி. மேகலாவைப் பார்த்தால் தலையாட்டுவார். அவளும் ஆட்டுவாள்.

மழைக்காலம் முடிந்தபோது காலனி முக்கில் வண்டி ஒழுங்காக நிற்கிறது என்று கேள்விப்பட்டார். நிம்மதியாக இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் வேறொன்று தொடங்கியது. சென்னியப்பனின் வீதியில், எல்லோரும் கேனோடு கூடி நிற்கும் முனையில், வண்டி நிற்காமல் இழுத்துக்கொண்டு போனது. வீதியின் கடைசி வீட்டைத் தாண்டிப் போய் நின்றது. எல்லோரும் கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

"பாத்தீங்களா, திமிர!" என்றார்கள். "வண்டி கைக்கு வந்ததும் நம்ம வீதில நிக்கறதுக்குக் கசக்குது."

சொசைட்டிக்குப் புகார் போனது. ரூட்டை அவளிடமிருந்து பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்று வீதியே திரண்டு போய்ச் சொசைட்டி வாசலில் நின்றது. செயலாளர் நல்லசிவம் மேகலாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து ஓரமாக நின்றாள்.

"என்னம்மா இது? எல்லா ஊர்லயும் நிக்கற வண்டி இங்க மட்டும் ஏன் நிக்கமாட்டீங்குது?"

அவள் வாய் திறப்பதற்குள் சென்னியப்பன் முன்னால் வந்தார். கூட்டத்தில் தெய்வானையும் இருந்தாள்.

"அந்தப் பிள்ள மேல தப்பு இல்லீங்க. வண்டில இருக்கறது என்ற பழக்கி. நான் ஓட்டுன காலத்துல காலனி முக்குல ஆளுக நின்னா நிறுத்த மாட்டேன். ஒரு அழுத்து அழுத்திட்டுப் போயிருவேன். அதைத்தான் அது கத்துக்கிச்சு. எல்லாருக்கும் நிறுத்துவாருன்னு எனக்கு ஒரு பேரு இருக்குது. அது பொய்ப் பேருங்க. இப்ப வண்டி கோளாறு பண்ணுதுன்னா நான் பண்ணுன கோளாறு."

சொல்லிவிட்டார். என்ன சொல்வார்களோ என்று நிமிர்ந்து பார்த்தார்.

யாரும் எதுவும் நினைத்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் லேசாகச் சிரித்தார். "அட, இதப் போயிப் பெருசாச் சொல்லிக்கிட்டு. அங்க எவனய்யா நிறுத்துனான்?"

சென்னியப்பன் நின்ற இடத்திலேயே குறுகிப்போனார். இத்தனை மாதம் சோறு இறங்காமல் தனக்குள் வைத்திருந்தது அவர்களுக்கு ஒரு பேச்சே இல்லை. அந்தக் கோட்டைப் பார்க்கும் வரை அவரும் அந்தச் சிரிப்புக்குள்தான் இருந்திருக்கிறார்.

"அது கெடக்கட்டும்" என்றார் நல்லசிவம். "நீங்க நம்ம வீதில நிறுத்தாமயா இருந்தீங்க? கணக்கு ஒத்து வரலயே."

"ஒத்து வராதுங்க" என்றாள் மேகலா. "இது சார் பழக்குனது இல்ல. நான் பழக்குனது."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நேத்துத்தான் பாய் கோட்டப் போட்டுக் காட்டுனாரு. எனக்கே அப்பத்தான் தெரியுமுங்க. இந்த வீதில ஆளுக நிக்கறதப் பாத்தா என்ற காலு அழுந்துது." அவள் வீதிப் பக்கம் கை காட்டினாள். "பதினொண்ணாவது படிக்கறப்ப சைக்கிள் குடுத்தாங்க. ரேசன் கடைக்கு இப்படித்தான் போகோணும். எங்காளுக இந்த வீதில எறங்கித் தள்ளீட்டுத்தான் போவாங்க. நான் எறங்க மாட்டேன். எறங்காமப் போகோணும்னா வேகமா மிதிச்சாத்தான் உண்டு. வாசல்ல ஆளுக நின்னா இன்னும் வேகமா மிதிப்பேன். பின்னால சத்தம் போடுவாங்க. ஒருக்கா கல்லும் வந்துது. திரும்பிப் பாக்க மாட்டேனுங்க. அந்தக் காலுதாங்க இது."

சிரித்த பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப் பையில் எதையோ தேடினார். யார் சத்தம் போட்டார்கள், யார் கல்லெடுத்தார்கள் என்பது அங்கே நின்றிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னியப்பனுக்கும் தெரிந்தது. தம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். எழுந்துபோய் என்ன என்று கேட்டதில்லை.

"சரி சரி, கலைஞ்சு போங்க. வேலையப் பாருங்க" என்றார் நல்லசிவம். புகார் அதோடு நின்றது. மேற்கொண்டு விசாரித்தால் என்ன வெளியே வருமோ என்ற பயத்தில் யாரும் கேட்கத் துணியவில்லை. ரூட் மேகலாவிடமே இருந்தது.

மறுநாள் காலையும் வண்டி முனையைத் தாண்டிப் போய், கடைசி வீட்டுக்கு அக்கட்டையில் நின்றது. கூட்டம் முணுமுணுத்தது. யாரும் சத்தம் போடவில்லை.

"என்னங்க இது, இனித் தெனமும் இவ்வளவு தூரமா?" என்றாள் தெய்வானை.

"நடக்கலாம் வா" என்றார் சென்னியப்பன்.

கேனைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போனார். பாலை ஊற்றிவிட்டு டிரைவர் கதவுப் பக்கமாக வந்தபோது, மேகலாவின் கால் பிரேக்கை அழுத்திப் பிடித்திருப்பது தெரிந்தது. வண்டி அசையாமல் நின்றுவிட்ட பிறகும் அவள் காலை எடுக்கவில்லை.

"இன்னுங் கொஞ்ச நாள்ல வீதி முனையிலயே நின்னுருமுங்க சார்" என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடி.

சென்னியப்பன் தலையாட்டினார். காலிக் கேனை எடுத்துக்கொண்டு, பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடந்தார்.